வராதவரின் சத்தியக் கடதாசி

சிரம்பான்
9-1-1938

என் இராசமலருக்கு,

குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டது! சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இரண்டு அறை, ஒரு குசினி, பின்வளவில் ஒரு றம்புட்டான் மரம். "குடும்பம் வந்தால் வீடு" என்று எங்கள் ரயில்வேத் துரையும், "வீடு தந்தால் குடும்பம் வரும்" என்று நானும் மூன்றரை வருஷமாகப் பிடித்த பிடியில் கடைசியாகத் துரைதான் இறங்கினார். ஆனால் யூலை முடிவதற்குள் மனைவி பிள்ளையோடு குடிபுக வேண்டும். இல்லையென்றால் வீடு வேறொரு கிளாக்கருக்குப் போய்விடும். நான் திரும்பவும் ஐந்து ஆம்பிளைகளின் குறட்டைக்கு நடுவில் கிடக்க வேண்டியதுதான்.

இனி அலுவலைக் கேளும். நான் முதன்முதல் இங்கே வந்தபோது ஒரு கடிதத்தைக் காட்டிக் கப்பலேறினேன். இப்போது சட்டம் இறுகிவிட்டது. உமக்கும் பத்மாவதிக்கும் பாஸ்போட் வேண்டும். அதில் உம்மை என் மனைவி என்று எழுதுவதற்குக் கொழும்புக் கந்தோரில் கலியாணத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். எங்கள் கலியாணப் பதிவில் ஒரு படி எடுத்து மாமாவைக் கொண்டு அனுப்புவியும். படமும் பிடிக்க வேண்டும். தயவுசெய்து தலையைக் குனியாதேயும். தாலி கட்டும்போது உம்முடைய உச்சிப் பூவைத் தவிர நான் வேறொன்றையும் காணவில்லை.

லீவில் ஊருக்கு வந்திருக்கிற இராசநாயகம் அண்ணை குடும்பத்தோடு யூலை முதற்கிழமைக் கப்பலில் இங்கே திரும்புகிறார். அவர்களோடு வாரும். வருகிற சித்திரையில் பத்மாவதிக்கு மூன்று வயது. நான் இன்னும் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

உம்முடைய
கனகசபாபதி

*

சண்டிலிப்பாய்
30-1-1938

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தை முதல் வாசித்தபோது துள்ளிக் குதிக்காத குறை. இரண்டாந்தரம் வாசித்தபோது வந்த கோபத்தில் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன், அம்மா பறித்து வைத்துவிட்டா.

எந்தப் பதிவு? எந்தப் படி? ஆனி மாதம் தாலி கட்டினீர்கள், மூன்று கிழமையில் கப்பலேறினீர்கள். பதிவுகாரரிடம் போவோம் என்று அப்பா கேட்டதற்கு நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். "அக்கினி சாட்சியாய்க் கட்டின தாலிக்கு மேலை கடதாசி என்னத்துக்கு மாமா, அடுத்த லீவிலை பாப்பம்" என்றீர்கள். இப்போது அந்த அக்கினியை எந்தத் தபாலில் கொழும்புக்கு அனுப்பட்டும்?

அப்பா யாழ்ப்பாணம் போய்ப் புறொக்டரைக் கண்டு சட்டம் கேட்டுவந்தார். பதியாவிட்டாலும் முறைப்படி நடந்த கலியாணம் கலியாணந்தானாம். ஆனால் அதைச் சத்தியக் கடதாசியில் எழுதிச் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் பண்ண வேண்டும். பெண்ணின் தகப்பன் சொன்னால் மட்டும் காணாது. மந்திரம் சொன்ன ஐயரோ, பந்தலுக்கு வெள்ளை கட்டி நடைபாதைக்கு வெள்ளை விரித்த கட்டாடியோ சொல்ல வேண்டும். வெளுக்கிறவன் வராமல் இந்தப் பகுதியில் ஒரு கலியாணமும் நடவாது என்பது கோட்டுக்கும் தெரியுமாம். ஐயர் போன ஆடியில் மோட்சம் போய்விட்டார். மிச்சம் கட்டாடி.

எங்கள் கட்டாடி தம்பனை உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் பின்வளவால் வந்து உடுப்பு எடுத்துப் போகிறவன். இதில் என்ன சிக்கல் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தம்பன் என்ற பேச்சை எடுத்தால் போதும், அப்பா புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று எழும்பிப் போகிறார். நேற்று அப்படிப் போனபோது நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவும் வாயைத் திறக்கிறா இல்லை.

படம் பிடித்தாயிற்று. குனியவில்லை. உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அதில் விழுந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
இராசமலர்

*

சிரம்பான்
18-2-1938

என் இராசமலருக்கு,

குற்றம் என்னுடையது. பதிவுகாரர் வீடு சைக்கிளில் அரை மணித்தியாலம். அந்த மூன்று கிழமையில் உம்மை விட்டு அரை மணித்தியாலம் எங்கேயும் போக எனக்கு மனம் வரவில்லை. அதைப் போய் மாமாவிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் அக்கினியை இழுத்தேன்.

என்னோடு கந்தோரில் இருக்கும் நீக்கிலாப்பிள்ளைக்கு இந்தக் கரைச்சலே இல்லை. மனுஷன் வேதக்காரர்; கரையூர்ச் சுவாமியார் கோயிற் கலியாணப் புத்தகத்தைப் பார்த்து ஒரு படி எழுதி அனுப்பினார், அவருடைய மக்டலீன் மூன்றே கிழமையில் வந்து இறங்கிவிட்டா. இப்போது மனுஷன் என்னைக் காணுந்தோறும் "என்ன மாப்பிள்ளை, பொம்பிளை பாக்கட்டோ?" என்று கேட்கிறார். கந்தோர் முழுக்கச் சிரிப்பு.

மாமா ஏன் தயங்குகிறார் என்று விளங்கவில்லை. வெள்ளை விரித்த ஆளை எனக்கு நல்ல ஞாபகம். குள்ளமான மனுஷன், பொல்லாத வாயாடி. தான் பருத்தித்துறைப் பக்கம் என்றும், கடற்காற்று இல்லாத ஊரில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றும் என் காதுக்குள் முறையிட்டபடிதான் விரித்தான். அவ்வளவு பேசுகிறவன் ஒரு கையெழுத்து வைக்க மாட்டானா? நேரே கேட்டுப் பாரும்.

கோபமான படத்தில் ஒன்று எனக்கும் அனுப்பும். கோபத்தில் நீர் எப்படி இருப்பீர் என்று பார்க்க எனக்கு இன்னும் கொடுத்துவைக்கவில்லை.

உம்முடைய
கனகசபாபதி

*

சண்டிலிப்பாய்
10-3-1938

இஞ்சாருங்கோ,

குள்ளமான வாயாடி என்று வாசித்ததும் அந்த வரியைத் திரும்பவும் ஒருதரம் வாசித்தேன். தம்பன் நல்ல உயரம். ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பேசமாட்டான். நான்தான் அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவில்லையே. காலுக்குக் கீழே வெள்ளையைக் கண்டேன், விரித்த கையைக் காணவில்லை.

நீங்கள் சொன்னபடி நேரே கேட்டேன். வெள்ளிக்கிழமை வரும்வரை பொறுக்காமல் அவன் வீட்டுக்கே போனேன். அப்பாவுக்குத் தெரியாது. தம்பன் உடுப்பு வெளுக்க உவர்மண் பிசைந்துகொண்டிருந்தவன், என்னைக் கண்டு பதறி எழும்பினான்.

"தம்பன், என்ரை கலியாணத்துக்கு வெள்ளை விரிச்சது நீதானே?"

"இல்லை நாச்சியார். நான் வரேல்லை."

"ஏன்? உன்னைக் கூப்பிடேல்லையோ?"

"நயினார் தானே வந்து கூப்பிட்டவர். நான் மாட்டன் எண்டிட்டன். அதுக்கு முதல் மாதம் என்ரை மோளின்ரை கலியாணப் பந்தலை வெட்டி விழுத்திப்போட்டுப் போனவருக்கு, நான் என்னெண்டு பந்தல் வெள்ளை கட்டுறது?"

இஞ்சாருங்கோ, பந்தல் வெட்டினது எனக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தம்பன் தன் மகளுக்குப் பெரிய பந்தல் போட்டு நாதஸ்வர மேளமும் பிடித்தானாம். அவர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று அப்பாவும் வேறு நாலு பேரும் கலியாணத்தன்று காலையே கோடாலியோடு போனார்கள். திரும்பி வந்து கால் கழுவினார்கள். நாங்கள் எல்லாரும் மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். எனக்கு அடுத்த மாதம் கலியாணம், என் நினைப்பெல்லாம் கூறைச் சேலையில் இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பன் மாட்டேன் என்றதும் அப்பா ஊர் சிரிக்கும் என்று பயந்து பருத்தித்துறைப் பக்கத்தில் யாரையோ பிடித்து வந்திருக்கிறார். அவனுடைய பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அரை வருஷத்துக்குப் பிறகு உடையார் நடுவில் நின்று பேசித்தான் தம்பன் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினானாம்.

"வந்தனெண்டு ஒரு சொல் எழுதினால் காணும், தம்பன்" என்று கெஞ்சினேன்.

"வராத கலியாணத்துக்கு வந்தனெண்டு சத்தியம் பண்ணச் சொல்லாதேயுங்கோ நாச்சியார். வேறை என்ன வேலை சொன்னாலும் செய்வன்."

அப்பா விஷயம் அறிந்து தம்பனுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பினார். அடுத்த நாள் விடிய அது எங்கள் வாசற் படலையடியில் கிடந்தது. நாலு மாதந்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இராசமலர்

*

சிரம்பான்
28-3-1938

என் இராசமலருக்கு,

மாமா மேல் வந்த கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவர் வெட்டின பந்தல் என் தலையில் விழுமென்று யார் கண்டது?

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளும். கொழும்பில் இருக்கிறவனுக்குத் தம்பனைத் தெரியுமா, இன்னொருவனைத் தெரியுமா? மானிப்பாயிலோ உடுவிலிலோ ஒரு கட்டாடியைப் பிடித்து, நான்தான் வெள்ளை விரித்தேன் என்று சொல்லச் சொன்னால் அலுவல் முடிந்தது. நடக்காத கலியாணத்தை நடந்ததாகச் சொல்லவில்லையே. ஆளைத்தானே மாற்றுகிறோம். நீக்கிலாப்பிள்ளை "சீ, வெக்கங்கெட்ட வேலை" என்கிறார். அவருக்கென்ன? கந்தோர் விட்டு வீட்டுக்குப் போனால் மக்டலீன் கோப்பி போட்டு வைத்திருக்கிறா. நான் போனால் பூட்டுத்தான் தொங்குகிறது.

குவாட்டர்சுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் போய் வெறும் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எனக்கு உம்மைக் காண வேண்டும் இராசமலர். வேறு நியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

உம்முடைய
கனகசபாபதி

*

சண்டிலிப்பாய்
16-4-1938

இஞ்சாருங்கோ,

வருஷப்பிறப்பன்று உங்கள் கடிதம் வந்தது. நல்ல வருஷப்பிறப்பு! என்னை உங்கள் மனைவி என்று சொல்லப்போகிற கடதாசியில் பொய்ச் சாட்சியா? நாளைக்கு அந்தக் கட்டாடி யாருடனாவது கோபித்துக்கொண்டு உண்மையைச் சொன்னால் நான் என்ன? பத்மாவதி என்ன? பூட்டுத் தொங்குகிற வீட்டுக்குப் போகிற ஆள் என்றபடியால் இந்த முறை மன்னிக்கிறேன். இன்னொரு முறை எழுதினால் பதில் வராது.

கோபத்தில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று பட்டது. தம்பன் என்ன சொன்னான்? "கூப்பிட்டவர், நான் மாட்டன் எண்டிட்டன்." கலியாணம் இல்லாத வீட்டுக்குக் கட்டாடியை ஏன் கூப்பிடுகிறார்கள்? அப்பாவைக் கேளாமல், அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நானே வண்டி பிடித்துப் புறொக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, வந்தவன் சொல்லுறதைவிட இது வலுவான சாட்சி. உங்களோடை கோவமா இருந்தவன் உங்களுக்காகப் பொய் சொல்லுவான் எண்டு ஆரும் நினைக்கமாட்டினம்."

தம்பனிடம் ஓடினேன். கேட்டதும் அவன் கையில் இருந்த உடுப்பைக் கீழே வைத்தான். பிறகு ஓம் என்றான். "வரேல்லை எண்டு சத்தியம் பண்ணுவன். ஆனால் ஏன் வரேல்லை எண்டதும் அதிலை எழுத வேணும். வாசிக்கேக்கை நயினாரும் அங்கை நிண்டு கேக்க வேணும்."

அப்பாவிடம் சொன்னேன். "நான் செத்தாப் பிறகு எழுதுங்கோ" என்றார். முத்துக்குமாரு கோடாலி தூக்கிப் பந்தல் வெட்டினார் என்று அரசாங்கக் கடதாசியில் ஏறுவதாம், அதைக் கட்டாடி சொல்ல அவர் கேட்டு நிற்பதாம்! நேற்றுத் தொடங்கி நான் அவரோடு கதைப்பதில்லை. அவருக்குச் சோறு போடுகிறேன், கறி போதுமா என்று கேட்பதில்லை.

இராசமலர்

*

சிரம்பான்
4-5-1938

என் இராசமலருக்கு,

உம்முடைய கடிதத்தை நீக்கிலாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். மனுஷன் எழும்பி நின்று கேட்டார். "உமக்கு வாய்ச்ச மனுசிக்கு நீர் போன பிறப்பிலை என்ன புண்ணியம் செய்தீர்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பொய்ச் சாட்சி என்று எழுதின கை என்னுடையதுதான். உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாமாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சம்மதிக்காவிட்டால் வீடு போகட்டும், வேலையும் போகட்டும். நான் வந்துவிடுகிறேன். புகையிலை நடத் தெரியாதுதான், நீர் சொல்லித்தாரும்.

உம்முடைய
கனகசபாபதி

*

சண்டிலிப்பாய்
24-5-1938

இஞ்சாருங்கோ,

வேலையை விட்டுவிட்டு வந்தீர்களென்றால் உங்களைப் படலைக்குள் விடமாட்டேன். பேனை பிடித்த கையால் புகையிலைக்குக் கொத்தினால் ஊர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும். ஆனாலும் அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேளாதீர்கள்.

அலுவல் முடிந்தது. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அப்பாவோடு கதைப்பதில்லை என்ற சபதத்தை நானே உடைத்தேன். "அப்பா, கடதாசி இல்லாட்டி நான் ஆரின்ரை பெண்சாதி எண்டு கொழும்பிலை கேப்பினம். இந்தப் பிள்ளை ஆரின்ரை எண்டும் கேப்பினம். அதுக்கு உங்களுக்கு மானம் போகாதோ?" என்று கேட்டேன். பத்மாவதி அவருடைய மடியில்தான் இருந்தாள். அடுத்த நாள் காலையில் பார்த்தால் சால்வையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

தம்பன் எங்களுக்கு முதலே நடந்து போய்ச் சமாதான நீதவான் வீட்டு வாசலில் நின்றார். நீதவான் கதிரையில் இருந்தார். அப்பாவுக்கும் ஒரு கதிரை வந்தது. அப்பா இருக்கவில்லை. தம்பன் நிற்கும்போது இருக்க அவருக்குக் கூச்சமா, இருந்தால் எழும்ப முடியாது என்ற பயமா, எனக்குத் தெரியாது.

கிளாக்கர் வாசித்தார். "மேற்படி முத்துக்குமாரு தமது மகள் இராசமலரின் கலியாணத்துக்கு என்னை முறைப்படி அழைத்தார். அதற்கு முந்திய மாதம் அவர் ஆட்களோடு வந்து என் மகளின் கலியாணப் பந்தற்கால்களை வெட்டியபடியால் நான் போக மறுத்தேன்." கிளாக்கருடைய குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. நீதவான் அப்பாவைப் பார்த்தார்.

"இது சரியோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கடதாசி குப்பை. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். வெட்டினது நான்தான். நாலு கால்."

"ஆறு, நயினார்" என்றார் தம்பன். குரலை உயர்த்தவில்லை.

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு" என்றார் அப்பா.

கிளாக்கர் ஆறு என்று எழுதிச் சேர்த்தார். தம்பன் கைநாட்டு வைத்தார், அப்பா கையெழுத்து வைத்தார். திரும்பும்போது வண்டியில் ஏறச் சொல்லித் தம்பனைக் கேட்டேன். வேண்டாம் என்று நடந்தே போனார். வீட்டுக்கு வந்ததும் நான் சோறு போட்டுவிட்டுக் கறி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

கடதாசி கொழும்புக்குப் போய்விட்டது. இனி நல்லூரான் விட்ட வழி.

உங்கள்
இராசமலர்

*

சண்டிலிப்பாய்
27-6-1938

இஞ்சாருங்கோ,

பாஸ்போட் வந்துவிட்டது! கனகசபாபதியின் மனைவி இராசமலர், மகள் பத்மாவதி என்று மை காய்ந்து கிடக்கிறது. கோபமான முகத்தோடு என் படமும் இருக்கிறது. யூலை ஏழாந் திகதி கொழும்பிலிருந்து கப்பல். இராசநாயகம் அண்ணை எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். இந்தக் கடிதம் எனக்குக் கொஞ்ச நாள் முந்தி வந்து சேரும். அந்த வெறும் அறையைக் கூட்டி வையுங்கள். பத்மாவதி ஊர் முழுக்கத் தன் அப்பாவிடம் போகிறேன் என்று சொல்லித் திரிகிறாள். எனக்கும் அப்படிச் சொல்லித் திரியத்தான் ஆசை.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தம்பன் உடுப்பு எடுக்க வந்தபோது பாஸ்போட்டைக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "எனக்கும் ஒரு படி வேணும் நாச்சியார்" என்றார்.

"பாஸ்போட்டோ? எங்கை போகப் போறியள்?"

"இது இல்லை. நான் சத்தியம் பண்ணின கடதாசி. என்ரை மோளின்ரை கலியாணமும் அதிலைதானே எழுதிக் கிடக்கு. அவளுக்கும் பதிவில்லை. மருமோன் கண்டிக்கு வேலைக்குப் போயிட்டான், நாளைக்கு ஆரும் என்னவும் சொல்லலாம்." பாஸ்போட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "ஆனால் அதிலை மோளெண்டுதான் கிடக்கு. பேர் போடேல்லை. பேரும் போட்டுத் தரவேணும்" என்றார்.

பேரென்ன என்று நான் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் வெளுத்த சேலையைத்தான் நான் உடுத்து வளர்ந்தேன். அவளுடைய பேர் எனக்குத் தெரியாது.

"சின்னத்தங்கம்" என்றார்.

அப்பா உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்று காலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வண்டி கட்டவில்லை. படலையைத் தாண்டித் தம்பன் வீட்டுப் பக்கம் திரும்பினதை நான் கண்ணால் கண்டேன். வெயில் ஏறித்தான் திரும்பி வந்தார். நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

"சின்னத்தங்கத்தின்ரை கலியாணம் வைகாசி பதினாலாந் திகதி நடந்தது. அண்டைக்கு நான் அங்கை போனனான் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன்."

உங்கள்
இராசமலர்